கடிகார மாற்றமும் கேலன் கணக்கும்: அமெரிக்காவில் சமாளிப்பது எப்படி

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு நெருங்கினாலே அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான். கோடை நேரம் என்று சட்டப்படி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள்: ராத்திரி 2 மணி சட்டென்று 3 மணியாகிவிடும், தூக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும், திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் குளிர்கால நேரத்துக்குத் திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும், ஆனால் வட மாநிலங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இது போதாதென்று மைல், கேலன், அவுன்ஸ், ஃபாரன்ஹீட் வேறு. புலம்புகிறவர்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் மாறுகிறவரை இங்கே வாழ்ந்தாக வேண்டுமே. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றே. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாண்டுகிற இடத்தில்தான் தப்பு நடக்கிறது. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் அப்படித்தான் போனது: ஒப்பந்த நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு கணக்கில் விசையைக் கொடுத்தது, நாசா பக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள், செப்டம்பர் 23 அன்று செவ்வாய் கிரகத்துக்குப் பின்னால் மறைந்த கலம் திரும்ப வரவே இல்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்கிற வழி இதுதான். சாலை, வானிலை, பள்ளி மணி என்று வெளியே இருப்பதை இந்த ஊர்க் கணக்கிலேயே பழகிக்கொள்ளுங்கள், மனசுக்குள் மாற்றிப் பார்க்காதீர்கள். சமையலறை, மருந்து, உங்கள் கோப்புகள், உங்கள் மென்பொருள் என்று உங்கள் கையில் இருப்பதை ஒரே கணக்கில் வையுங்கள், முடிந்தால் கிராம், மீட்டர், லிட்டர் என்ற மெட்ரிக்கில். இரண்டுக்கும் நடுவே தாண்டுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் கடிகாரம்

மார்ச் மாற்றத்துக்கு முந்தின புதன்கிழமையிலிருந்தே படுக்கிற நேரத்தையும் எழுகிற நேரத்தையும் தினம் 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் கூடவே தள்ள வேண்டும், அதை விட்டுவிட்டால் சின்னக் குழந்தைகளிடம் இது பலிக்காது. ஞாயிறு காலை எழுந்ததும் வெளியே வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருங்கள், ஏனென்றால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம்தான். அலாரத்தைத் திருப்பி வைத்தால் மட்டும் அது திருந்திவிடாது. திங்கட்கிழமை காலையில் நெடுந்தூரம் கார் ஓட்டுகிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

போனும் கம்ப்யூட்டரும் தாமாகவே மாறிவிடும். ஓவன், மைக்ரோவேவ், சுவர்க் கடிகாரம், பழைய கார் இவையெல்லாம் மாறாது. சனிக்கிழமை ராத்திரி படுக்கப் போகுமுன் இவற்றை மாற்றிவிடுங்கள், ஞாயிறு காலையில் வீட்டில் நாலு கடிகாரம் நாலு நேரம் காட்டினால் யாருக்கும் எதிலும் நம்பிக்கை வராது. அப்படியே ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள், தீயணைப்புத் துறைகள் பல வருடங்களாகச் சொல்லிவரும் நல்ல பழக்கம் இது. இத்தனை மணிக்கு ஒரு முறை என்று கறாராக மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு வாரம் முன்பே மருந்தாளுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ராத்திரி 11-லிருந்து காலை 7 வரை வேலை என்றால் மார்ச்சில் அன்றைக்கு 7 மணி நேரம்தான் வேலை, நவம்பரில் 9 மணி நேரம். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்மையில் உழைத்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது மத்திய சட்டம். நவம்பரில் கூடும் அந்த ஒரு மணி நேரம் ஓவர்டைம் கணக்கிலும் சேரும். சம்பளச் சீட்டில் 8 என்று போட்டிருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள், இது சலுகை இல்லை.

அடுத்தது வெளிநாட்டு அழைப்புகள், இங்கேதான் அதிகம் குழம்புகிறது. இந்தியா கடிகாரத்தைத் தொடுவதில்லை, மாறுவது அமெரிக்கா மட்டும். நியூயார்க்குக்கும் இந்தியாவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை. அதாவது நியூயார்க் காலை 8.30 என்பது இந்தியாவில் குளிர்காலத்தில் ராத்திரி 7 மணி, கோடையில் சாயங்காலம் 6 மணி. அப்படியென்றால் வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு யாருடைய கடிகாரம் மாறாமல் இருக்கப் போகிறது என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள், அழைப்பிதழிலும் அதை எழுதுங்கள். ஐரோப்பா இன்னொரு வகை. அவர்கள் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நாலு மணி நேரம்தான் இருக்கும். இந்த வாரங்களை வருட ஆரம்பத்திலேயே காலெண்டரில் குறித்து வையுங்கள், முக்கியமான பேச்சுவார்த்தையை அந்த வாரங்களில் வைக்காதீர்கள்.

ஜூலை மாதத்தில் "காலை 9 மணி ஈஎஸ்டி" என்று எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈஎஸ்டி (ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்) என்பது கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம் மட்டும். அதை அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார், தப்பு அவருடையது இல்லை. "ஈஸ்டர்ன் டைம்" என்றோ "நியூயார்க் நேரம்" என்றோ எழுதினால் வருடம் முழுக்கச் சரியாக இருக்கும்.

அரிசோனா போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த மாநிலம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் ஃபீனிக்ஸ் குளிர்காலத்தில் டென்வரோடும் கோடையில் லாஸ் ஏஞ்சலிஸோடும் ஒத்துப்போகும். ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும், பூர்வகுடிகளான நவஹோ மக்களின் தேசம் மாற்றுகிறது, நவஹோ நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோப்பி மக்களின் நிலம் மாற்றுவதில்லை. கோடையில் அந்த வழியாகக் கார் ஓட்டினால் போனில் நேரம் முன்னும் பின்னும் தாவும். தானாக மாறும் அமைப்பை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள், மான்யுமென்ட் வேலி மாதிரி சுற்றுலா இடங்களில் எதற்காவது முன்பதிவு செய்தால் அது எந்த நேரம் என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஹவாயும் மாற்றுவதில்லை, போர்ட்டோ ரீக்கோ, குவாம் போன்ற பகுதிகளும் மாற்றுவதில்லை.

மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவர்கள் விடும் தப்பு மற்றவர்கள் தலையில் விடிகிறது. நடந்து முடிந்த நிகழ்வின் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் சேமியுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குங்கள். இனி நடக்கப்போகும் சந்திப்பை அப்படிச் சேமிக்கக் கூடாது. உள்ளூர் நேரத்தையும் "அமெரிக்கா/நியூயார்க்" என்பது போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் நடுவில் சட்டம் மாறினால் யுடிசியில் எழுதி வைத்த நேரம் தப்பாகிவிடும். அப்படி மாறியும் இருக்கிறது: 2007-இல் அமெரிக்கா தொடக்கத்தை ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கும் முடிவை அக்டோபரிலிருந்து நவம்பருக்கும் நகர்த்தியது, 2022-இல் மெக்சிகோ எல்லையோரப் பகுதிகளைத் தவிரப் பெரும்பாலான இடங்களில் இந்த வழக்கத்தையே கைவிட்டது. உள்ளூர் நேரப்படி ராத்திரி 1-க்கும் 3-க்கும் நடுவே எந்தத் தானியங்கி வேலையையும் வைக்காதீர்கள். மார்ச்சில் 2.30 என்ற நேரமே கிடையாது, நவம்பரில் 1.30 இரண்டு முறை வரும், அதனால் பில் போடும் வேலை ஒரு நாள் ஓடாமலே போகும், இன்னொரு நாள் இரண்டு முறை ஓடும். நாளைய தேதி வேண்டுமென்றால் 24 மணி நேரத்தைக் கூட்டாதீர்கள், நாளைக் கூட்டுங்கள்.

அப்புறம் அளவுகள்

வெப்பநிலையில் மாற்றும் சூத்திரத்தை மறந்துவிடுங்கள். ஐந்து எண்கள் போதும்: 32, 50, 68, 86, 104. செல்சியஸில் இவை 0, 10, 20, 30, 40. பதினெட்டு பதினெட்டாகக் கூடுகிறது, அவ்வளவுதான். 50 என்றால் ஜாக்கெட், 68 என்றால் இதமான அறை, 86 என்றால் வியர்க்கும் என்று உடம்போடு சேர்த்துப் பழகினால் சில வாரங்களில் மாற்றிப் பார்க்கவே தோன்றாது. காய்ச்சலுக்கு 100.4 என்பதை மனப்பாடம் செய்யுங்கள், அது 38 டிகிரி, டாக்டர்கள் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளும் எல்லை அது. ஓவனில் 350 என்பது ஏறக்குறைய 175, 400 என்பது 205, 425 என்பது 220.

சமையலறையில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி கிராமில் வைத்து விட்டுவிடுங்கள். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் எடையையும் கொள்ளளவையும் கலந்து எழுதுவார்கள், அவுன்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டும் இருக்கிறது. எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, தேனுக்கும் மாவுக்கும் இல்லவே இல்லை. ஒரு கப் மைதா என்றால் கப்பை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும், கேக் ஒரு நாள் நன்றாக வந்து அடுத்த முறை கட்டியாகிப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிடித்த குறிப்பை ஒரு முறை கிராமில் நிறுத்து எழுதி வைத்துக்கொண்டால் அப்புறம் கப்பே வேண்டாம். ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113 கிராம், ஒரு கப் சர்க்கரை 200 கிராம். பிரிட்டிஷ் குறிப்பைப் பார்த்துச் செய்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவர்களுடைய பைண்ட் 568 மில்லி, இங்கே 473. கேலனும் அப்படித்தான், இங்கே 3.785 லிட்டர், அங்கே 4.546.

கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் கிராமோ மில்லியோ கட்டாயம் இருக்கும், பெரும்பாலான வீட்டுப் பொருள்களில் இரண்டு கணக்கும் போட வேண்டும் என்பது சட்டம். விலையை ஒப்பிடும்போது இதை வைத்து ஒப்பிடுங்கள். அலமாரிச் சீட்டில் ஒரு பிராண்டுக்கு அவுன்ஸ் விலையும் பக்கத்து பிராண்டுக்குப் பவுண்டு விலையும் போட்டிருக்கும், 16-ஆல் வகுத்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது?

மருந்து விஷயத்தில் விளையாட்டே கூடாது. குழந்தைகளுக்கான திரவ மருந்தை மில்லியில் மட்டும் அளந்து கொடுங்கள், மருந்தோடு வரும் சிரிஞ்சாலோ மூடியாலோ மட்டும் கொடுங்கள். சாப்பிடும் ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. டாக்டர் ஸ்பூன் கணக்கில் சொன்னால் "எத்தனை மில்லி?" என்று திருப்பிக் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2015 முதல் மில்லி மட்டும் போதும் என்று சொல்லிவருகிறது. இன்னொரு ஆபத்து எடை. மருந்துப் பெட்டியில் பவுண்டு இருக்கும், மருத்துவமனைச் சீட்டில் கிலோ இருக்கும். 26 பவுண்டுக் குழந்தையை 26 கிலோ என்று யாராவது எழுதிவிட்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எடையைச் சொல்லும்போது கிலோவா பவுண்டா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், எழுதும்போதும் அப்படியே. சரிபார்க்க ஒரு சுலப வழி: கிலோவை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 12 கிலோ என்றால் 24, அதோடு 2.4, ஆக 26.4 பவுண்டு.

சாலையில் போர்டில் என்ன எண் இருக்கிறதோ அதைத்தான் ஸ்பீடோமீட்டரிலும் பார்க்கப் போகிறீர்கள், மாற்ற வேண்டியதில்லை. தூரத்துக்கு மட்டும் 5 மைல் 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரோடு கனடாவுக்குள் நுழைந்தால் உடனே காட்சித் திரையைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள், அங்கே 100 என்று போட்டிருப்பது 62 மைல்தான். அரிசோனாவில் டூசானிலிருந்து நோகாலஸ் போகும் இன்டர்ஸ்டேட் 19-இல் தூரம் கிலோமீட்டரிலும் வேகம் மைலிலும் எழுதியிருப்பார்கள், 1970-களின் மெட்ரிக் முயற்சியில் மிச்சம் இருப்பது அது.

கார் வாங்கும்போது மைல்-பெர்-கேலன் எண் நம்மை ஏமாற்றும். 100 மைல் ஓட, கேலனுக்கு 10 மைல் கொடுக்கும் வண்டி 10 கேலன் குடிக்கும், 20 கொடுப்பது 5 கேலன், மிச்சம் 5. ஆனால் 25-லிருந்து 50-க்குப் போனால் 4 கேலன் 2 ஆகும், மிச்சம் 2 தான். எண் பெரிதாகத் தாவுகிற இடத்தில் சேமிப்பு சின்னதாக இருக்கிறது. 235-ஐ அந்த எண்ணால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும், அதை வைத்து ஒப்பிட்டால் நேராகத் தெரியும்.

வீட்டில் ரிப்பேர் வேலை செய்பவர்கள் இரண்டு ஸ்பேனர் செட்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். அரை இன்ச் போல்ட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழைந்துவிடும், இறுக்கித் திருப்பினால் வழுக்கி போல்ட் தலை மழுங்கிவிடும், ஏனென்றால் அரை இன்ச் 12.7 மில்லிமீட்டர்தான். முக்கால் இன்ச்சுக்கு 19 ஏறத்தாழப் பொருந்தும், 5/16 இன்ச்சுக்கு 8 பொருந்தும், மற்றவற்றில் கையை வைக்காதீர்கள். மரக்கடையில் 2க்கு 4 என்று விற்கும் கட்டை உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை இன்ச், அளவு எடுத்துத் திட்டம் போடும்போது மறந்துவிட வேண்டாம். இரண்டு பக்கமும் அளவு போட்ட டேப் வாங்கி மில்லிமீட்டர் பக்கத்தையே பாருங்கள், 5 3/8-ஓடு 7 11/16-ஐக் கூட்டுகிற அவஸ்தை யாருக்கும் வேண்டாம்.

தேதியும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். 03/04 என்றால் இங்கே மார்ச் 4, வேறு பல நாடுகளில் ஏப்ரல் 3. கோப்புப் பெயரில் 2025-03-04 என்று வருடத்தை முன்னால் போட்டு எழுதுங்கள், வரிசையும் சரியாக அமையும். ஏ4 அளவில் வந்த கோப்பை லெட்டர் தாளில் அச்சடிக்கும்போது "தாளுக்குப் பொருத்து" என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கீழே இரண்டு வரி வெட்டுப்படும்.

கோபத்தை யாரிடம் காட்டுவது

கடிகாரம் விவசாயிகளுக்காக மாற்றப்படுகிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், அது தப்பு. முதல் உலகப்போரில் 1918-இல் எரிபொருள் மிச்சத்துக்காக வந்தது இது. விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள், 1919-இல் ஜனாதிபதி வில்சனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ரத்து செய்தது. இப்போது நடப்பது 1966-ஆம் வருடத்துச் சட்டம். அதில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது: ஒரு மாநிலம் வருடம் முழுக்கக் குளிர்கால நேரத்திலேயே இருக்க விரும்பினால் தானே சட்டம் போட்டுக்கொள்ளலாம், வருடம் முழுக்கக் கோடை நேரம் வேண்டுமென்றால் காங்கிரஸ் அனுமதி வேண்டும். கலிஃபோர்னியா மக்கள் 2018-இல் வாக்களித்தும், ஃபுளோரிடா அதே வருடம் சட்டம் போட்டும் ஒன்றும் நகராததற்குக் காரணம் இதுதான். 2022 மார்ச்சில் காங்கிரஸின் மேலவையான செனட் நிரந்தரக் கோடை நேர மசோதாவை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபையில் அது அப்படியே படுத்துவிட்டது.

எனக்கு நிரந்தரக் குளிர்கால நேரம்தான் சரியென்று படுகிறது. நிரந்தரக் கோடை நேரத்தை அமெரிக்கா 1974 ஜனவரியில் முயன்று பார்த்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிப் பேருந்துக்கு நிற்க வேண்டியிருந்தது, பெற்றோர் கொதித்தார்கள், அந்த வருட அக்டோபரிலேயே காங்கிரஸ் பின்வாங்கியது. அந்த நேரப்படி டெட்ராய்ட்டில் ஜனவரி மாதம் சூரியன் உதிக்கக் காலை 9 மணி ஆகும் என்றால் யோசித்துப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் குளிர்கால நேரத்தையே பரிந்துரைக்கிறது. எனவே உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது "கடிகாரத்தை மாற்றுவதை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், எந்த நேரம் வேண்டும் என்று சொல்லாத கடிதத்தை இரண்டு தரப்பும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். "நிரந்தரக் குளிர்கால நேரம் வேண்டும், இதற்கு காங்கிரஸ் அனுமதி தேவையில்லை" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மெட்ரிக்குக்குச் சட்டத் தடை ஒன்றும் இல்லை. 1866-லிருந்தே அது அமெரிக்காவில் செல்லுபடியாகும் அளவு, 1893 முதல் அடியும் பவுண்டும் மீட்டரையும் கிலோவையும் வைத்தே வரையறுக்கப்படுகின்றன. 1975 சட்டம் மாற்றத்தை விருப்பத்துக்கு விட்டது, அதற்காக அமைத்த வாரியத்தை 1982-இல் மூடிவிட்டார்கள். 1988 சட்டம் வணிகத்துக்கு மெட்ரிக்கே விரும்பத்தக்கது என்று எழுதியது, தனியாருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. நில அளவையில் மட்டும் 2022 முடிகிறவரை இரண்டு வகை அடி அதிகாரபூர்வமாக இருந்தது, பத்து லட்சம் அடிக்கு இரண்டு அடி வித்தியாசம்! ஆகவே இங்கே வாஷிங்டனை எதிர்பார்ப்பதைவிட அருகில் இருப்பவர்களிடம் கேட்பது பலன் தரும். பள்ளியில் அறிவியல் வகுப்புக்கு வெளியிலும் மெட்ரிக் பயன்படுத்தச் சொல்லுங்கள், குழந்தை மருத்துவமனையில் எடையைக் கிலோவிலேயே சொல்லச் சொல்லுங்கள், கம்பெனி வரைபடங்களில் அலகு எழுதாத எண்ணை ஏற்கமாட்டேன் என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம், அலகு இல்லாமல் வருகிற கோப்பைத் திருப்பி அனுப்பினால் போதும்.